புள்ளியில்லாக் கல்

பாகூர்.

அன்புள்ள சேகர்,

சிந்துவெளி எழுத்தைப் படித்துக் காட்டுபவருக்குப் பத்து லட்சம் டாலர் பரிசு என்று தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில் அறிவித்ததிலிருந்து நீ ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறாய்: "எழுத்து கண்ணெதிரே இருக்கிறது, அதைப் படிக்க இத்தனை பாடா?" பாகூருக்கு வந்து பார், தெரியும்.

நெல்வயலும் பெரிய ஏரியுமாக இருக்கிற ஊர் இது. மூலநாதர் கோயில் சுவரில் ராஷ்டிரகூடக் கன்னரதேவன் காலத்தது, சோழர் காலத்தது என்று கல்வெட்டுகள். உச்சிவெயிலில் வெறும் கல்லாகத்தான் தெரியும். வெயில் சாய்ந்து பக்கவாட்டில் விழுந்தால் எழுத்துப் பள்ளங்களில் நிழல் கட்டி, வரி வரியாக எழும்பி வருகிறது. ஆயிரம் வருஷத்துத் தமிழ்தானே என்று கிட்டே போனால், பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது. எகரமும் ஏகாரமும் ஒன்றுபோலவே இருக்கின்றன. துணைக்கால் எது, ரகரம் எது என்று வடிவத்தை வைத்துச் சொல்ல முடியாது. சொல்லுக்குச் சொல் இடைவெளியும் இல்லை. நிலதானம், விளக்குக்கு ஆடு என்று கல்வெட்டுக்கென்றே ஒரு வாடிக்கைப் பேச்சு உண்டு. அது காதில் பழகியவருக்குத்தான் கல் வழிவிடும்.

இப்படிக் கல்லோடு கல்லாக உழைத்தவர் பாகூர் குப்புசாமி. அவர் தொகுத்த புதுச்சேரிக் கல்வெட்டுகளை விஜயவேணுகோபால் பதிப்பிக்க, புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 2006-இல் வெளியிடத் தொடங்கியது. மைப்படி எடுப்பதே பொறுமையைச் சோதிக்கிற வேலை. கல்லைத் தேய்த்துக் கழுவி, நனைத்த தாளை ஒட்டி, பிரஷ்ஷால் தட்டித் தட்டித் தாளைப் பள்ளத்துக்குள் இறக்கி, மேலே மை ஒற்ற வேண்டும். கறுப்புக்கு நடுவே எழுத்து வெள்ளையாக நிற்கும்.

ஊரின் பெரிய ஆவணம் ஊரில் இல்லை. 1879-இல் கிடைத்த பாகூர்ச் செப்பேடு பாரிசுக்குப் போய்விட்டது. பல்லவன் நிருபதுங்கன் தன் எட்டாம் ஆட்சியாண்டில் இங்கிருந்த கல்விச்சாலைக்கு மூன்று ஊர்களைக் கொடுத்த செய்தி அதில் இருக்கிறது, வடமொழியிலும் தமிழிலும். ஒரே செய்தி இரண்டு மொழியில் என்பது எழுத்தறிஞர்களுக்குப் புதையல். அப்படியொரு கல் கிடைத்ததால்தான் எகிப்தின் எழுத்தே பிடிபட்டது.

இரட்டைக் கல் இல்லாமலும் சாதித்திருக்கிறார்கள். 1837-இல் ஜேம்ஸ் பிரின்செப், சாஞ்சியின் குட்டிக் குட்டி வாசகங்கள் பலவும் ஒரே மாதிரி முடிவதைக் கவனித்தார். கோயிலில் டியூப்லைட்டில்கூட 'உபயம்' என்று எழுதுகிறோமே, அந்த ஆசைதான் அங்கும்! 'தானம்' என்று ஊகித்தார், பிராமி எழுத்து திறந்துகொண்டது.

ஆனால் பிராமி தெரிந்தவர்களையே மதுரைப் பக்கத்துக் குகைகள் திணறடித்தன. மாங்குளம் எழுத்துகள் 1882-லேயே தெரியவந்தவை. எழுத்து பிராமி என்பதால் மொழியும் பிராகிருதம் என்று எண்ணிப் பார்த்தார்கள். கே.வி. சுப்பிரமணிய ஐயர் 1924-இல், இதில் ழ, ள, ற, ன இருக்கின்றன, இது தமிழ் என்றார். அப்புறமும் படித்தால் 'மாகான' என்று ஏதோ வந்துகொண்டிருந்தது. ஐராவதம் மகாதேவன் அந்த எழுதும் வழக்கைப் பிரித்துக் காட்டினார். அந்த முறையில் குறியில்லாத எழுத்து மெய். மேலே இழுத்த கோடு அகரத்துக்கும் ஆகாரத்துக்கும் பொது. இப்போது படி: மகன். புள்ளியில்லாத தொல்லை பாகூர் சுவருக்கு முன்பே தொடங்கிவிட்டது.

இங்கேயே அரியாங்குப்பம் பக்கம் அரிக்கமேட்டில், வீலர் 1945-இல் தோண்டிய இடத்தில், பானை ஓடுகளிலும் அந்தக் குகை எழுத்து கிடைத்தது. ராஜசாசனங்களைவிட எனக்கு அந்த ஓடுகள்தான் பிடிக்கும்.

சிந்துவெளிக்கு இந்த வசதி எதுவும் இல்லை. மொழி இன்னதென்று தெரியாது, இரட்டைக் கல் இல்லை, ஒரு முத்திரையில் சராசரியாக ஐந்து குறிகள்தான். மகாதேவனே 1977-இல் அத்தனை குறிகளையும் அடைவு போட்டுக் கொடுத்தார். அடைவு இருக்கிறது, சாவி இல்லை. தினம் ஒருவர் படித்துவிட்டதாகச் சொல்கிறார், அவரவர் தாய்மொழி அதில் தெரிகிறது! பரிசுப் பணத்தை நம்பி நீ கடன் வாங்கிவிடாதே.

நாளை வில்லியனூர் திருக்காமீசுவரர் கோயில். டார்ச் எடுத்துப் போகிறேன்.

அன்புடன்,
ரவி