புள்ளிகளுக்குள் ஓர் எண்

மே மாத விடுமுறை தொடங்கியதும் தில்லியில் எங்கள் குடியிருப்பிலிருந்த தமிழ்க் குடும்பங்கள் ஒவ்வொன்றாக ஊருக்குப் புறப்படும். அப்பா அரசு அலுவலகமொன்றில் எழுத்தர். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் எங்களால் போக முடிந்தது. கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரசில் ஏறினால் ஆக்ரா, ஜான்சி, போபால், நாக்பூர், விஜயவாடா என்று 2,100 கிலோமீட்டருக்கும் மேல் கடந்து சென்னை சென்ட்ரலில் இறங்குவோம். பிறகு எழும்பூரிலிருந்து மீட்டர் கேஜ் வண்டியில் மயிலாடுதுறை. அங்கிருந்து குத்தாலத்துக்கு அருகே அம்மா பிறந்த ஊர்.

மற்றப் பிள்ளைகள் ஊரை எண்ணிக் காத்திருப்பார்கள். நான் வண்டியை எண்ணிக் காத்திருந்தேன். பெரிய நிலையங்களில் அப்பா தண்ணீர் பிடிக்க இறங்கும்போது நான் எஞ்சினை நோக்கி ஓடுவேன். ஒருமுறை நாக்பூரில் ஓட்டுநர் ஒருவர் என்னைக் கைகொடுத்து மேலே ஏற்றினார். எண்ணெய் மணத்துக்கும் இரைச்சலுக்கும் நடுவே நின்ற என்னிடம், "பெரியவனானதும் நீயே ஓட்டு" என்று இந்தியில் சொன்னார். ஏறிவந்த எல்லாச் சிறுவர்களிடமும் அவர் அப்படித்தான் சொல்லியிருப்பார். நான் அதனைப் பணி நியமன ஆணையாகவே எடுத்துக்கொண்டேன்.

அம்மாவின் ஊர் நிலையத்தில் அப்போது கைகாட்டி மரம் இருந்தது. கை நேராக நீண்டிருந்தால் வண்டி நிற்க வேண்டும்; கீழே சாய்ந்திருந்தால் போகலாம். திண்ணையில் அமர்ந்து அதனைப் பார்த்தே, வரப்போகும் வண்டியை வீட்டுக்கு அறிவிப்பேன். நான் பார்த்தது கையின் நிலையைத்தான், நிறத்தை அன்று என்பது எனக்கே தெரியாது.

பள்ளிப்படிப்பை முடித்துத் தொழிற்பயிற்சி நிலையத்தில் ஃபிட்டர் பயிற்சி பெற்றேன். 1991-இல் உதவி ஓட்டுநர் பணிக்கான எழுத்துத் தேர்வில் வெற்றி பெற்றேன். எஞ்சியிருந்தது மருத்துவப் பரிசோதனை மட்டுமே. தொலைவிலுள்ள எழுத்துகளைப் பிழையின்றிப் படித்தேன். அதன்பின் மருத்துவர் ஒரு சிறு புத்தகத்தைத் திறந்தார். இஷிஹாரா என்ற ஜப்பானிய மருத்துவர் 1917-இல் வெளியிட்ட சோதனை அட்டைகள் அவை. பக்கமெங்கும் வண்ணப் புள்ளிகள். அவற்றுக்குள் ஓர் எண். ஒரு பக்கத்தைக் கண்டு, "21" என்று உடனே சொன்னேன். நூறு விழுக்காடு உறுதியுடன்தான் சொன்னேன். அங்கே பிறருக்குத் தெரிவது 74. அடுத்த பக்கத்தை மருத்துவர் சற்று மெதுவாகத் திருப்பினார். பின்னர் இருட்டறையில் விளக்குச் சோதனையும் நடந்தது. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியும் ஆற்றல் என் கண்களுக்குக் குறைவு என்பது இருபது வயதில், அந்த அறையில்தான் எனக்குத் தெரியவந்தது.

முடிவைக் கேட்டதும் அம்மா நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "தாத்தாவுக்கும் இப்படித்தான்" என்றார். எனக்குத் திடீரென்று தாத்தாவின் மிளகாய்த் தோட்டம் நினைவுக்கு வந்தது. பழுத்த மிளகாயைப் பறிக்கும்போது அவர் ஒவ்வொன்றையும் விரலால் அழுத்திப் பார்ப்பார். "கண்ணெதிரே சிவப்பாகத் தொங்குகிறதே!" என்று பேரப்பிள்ளைகள் நகைப்போம். அவர்களோடு சேர்ந்து நானும் நகைத்தேன் என்பதுதான் வியப்பு. இக்குறைபாடு பெரும்பாலும் தாயின் வழியாக மகனுக்கு வருவது. தாய்க்கோ எந்தக் குறையும் தெரியாது. தெருமுனை மருத்துவர் இதனை விளக்கியபின், "என்னிடமிருந்துதானே வந்தது" என்று அம்மா ஒருமுறை சொன்னார். நான் மறுமொழி கூறியிருக்கலாம். கூறாமல் எழுந்து வெளியே போனேன். வேலை கிடைக்காததைவிட அந்த மாலையே எனக்கு இன்றும் உறுத்துகிறது.

இரண்டு ஆண்டுகள் இரயில் நிலையத்தின் பக்கமே போகவில்லை. அந்த விதியை நெஞ்சாரச் சபித்தேன். 1875-இல் சுவீடனில் இரண்டு வண்டிகள் மோதிப் பலர் இறந்ததையும், அதன்பின் ஹோல்ம்கிரென் என்ற அறிஞர் இரயில் பணியாளர்களுக்கு நிறச் சோதனை வேண்டுமென்று வற்புறுத்தியதையும் பின்னாளில் நூலகத்தில் படித்தேன். இரவில், தொலைவில், விளக்கு ஒரு புள்ளியாக மட்டுமே தெரியும். அங்கே நிறமன்றி வேறு அடையாளம் இல்லை. என் கோபம் தணிந்தது. துயரம் தணியவில்லை.

கரோல் பாகில் மின்விசிறி பழுதுபார்க்கும் கடையொன்றில் சேர்ந்தேன். அங்கும் சிவப்புக் கம்பி, பச்சைக் கம்பி! இரண்டாம் நாளே மாற்றி இணைக்கப் போய்க் கடைக்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அன்று முதல் சிவப்புக் கம்பியில் நூலால் ஒரு முடிச்சுப் போட்டுவைத்தேன். நிறம் பார்த்துச் சொல்ல அம்மாவையே அழைத்துவரச் சொன்ன கடைக்காரர், பின்னர் அந்த முடிச்சை மற்றப் பையன்களையும் போடச் சொன்னார்.

1993-இல் இரயில்வே எழுத்தர் தேர்வு எழுதினேன். விருப்பத்தால் அன்று, அப்பா ஓய்வு பெறவிருந்தார். அலுவலகப் பணிக்கு நிறப்பார்வை தேவையில்லை. கால அட்டவணைப் பிரிவில் என்னை அமர்த்தினார்கள். அங்கே மேசை நிறைய விரிந்திருந்த தாளைக் கண்டதும் நின்றுவிட்டேன். கிடைமட்டத்தில் 24 மணி நேரம், செங்குத்தில் நிலையங்கள். ஒவ்வொரு வண்டியும் ஒரு சாய்கோடு. விரைவு வண்டியின் கோடு செங்குத்தாக நிமிர்ந்திருக்கும். சரக்கு வண்டியின் கோடு சோம்பலாகச் சாய்ந்திருக்கும். கோடு படுத்துவிட்டால் வண்டி நிலையத்தில் நிற்கிறது என்று பொருள். ஒற்றைப் பாதையில் எதிரெதிர்க் கோடுகள் இரண்டு நிலையங்களுக்கு நடுவே வெட்டிக்கொள்ளவே கூடாது; வெட்டும் இடம் ஒரு நிலையமாக இருக்க வேண்டும், அங்கே ஒரு வண்டி ஒதுங்கி நிற்க வேண்டும். சிறுவயதில் நான் சன்னலோரம் அமர்ந்து சலித்த காத்திருப்புகள் எல்லாம் அந்தத் தாளில் இருந்தன.

கோடுகளை வண்ண மையால் பிரித்திருந்தார்கள். எனக்குச் சில வண்ணங்கள் ஒன்றாகவே தெரிந்தன. பிரிவுத் தலைவரான வங்காளப் பெரியவரிடம் உண்மையைச் சொன்னேன். பழைய முடிச்சை நினைத்து, ஒருவகை வண்டிக்கு முழுக்கோடு, ஒன்றுக்குப் புள்ளிக்கோடு, ஒன்றுக்குத் துண்டுக்கோடு என்று வரைந்து காட்டினேன். அவர் தலையை மட்டும் அசைத்தார். சில வாரங்களில் நகலெடுக்கும் இயந்திரம் என் பக்கம் பேசியது: கறுப்பு நகலில் வண்ணக் கோடுகள் எல்லாம் ஒன்றாகிவிட, என் கோடுகள் மட்டும் தனித்தனியே நின்றன. நகலுக்குப் போகும் தாள்களை அதன்பின் என்னிடமே தந்தார்கள். ஓட்டுநர் இருக்கை மீதான ஆசை அத்துடன் அகன்றுவிட்டது என்று சொன்னால் அது பொய்.

சில ஆண்டுகளுக்குப் பின் அம்மாவோடு ஊருக்குப் போனேன். தாத்தா அப்போது இல்லை. மயிலாடுதுறைக்கு முன்னால் ஒரு சிறு நிலையத்தில் இரவில் வண்டி நின்றது.

"ஏனப்பா நிற்கிறது?" என்றார் அம்மா.

கடிகாரத்தைப் பார்த்தேன். "எதிர்வண்டி வர வேண்டும். இன்னும் 6 நிமிடம்."

அது வந்து கடக்க 9 நிமிடமாயிற்று. "மூன்று நிமிடம் பிசகிவிட்டதே!" என்று அம்மா சிரித்தார். பாதை வளைவாக இருந்ததால் முன்னேயிருந்த விளக்கு சன்னலில் தெரிந்தது.

"பச்சை விழுந்துவிட்டது" என்றவர், சற்று நேரம் கழித்து, "உனக்கு அது எப்படித் தெரிகிறது?" என்று கேட்டார். அத்தனை ஆண்டுகளில் அவர் அதனைக் கேட்டது அன்றுதான்.

"வெளுத்த பால்நிறமாக" என்றேன்.

"தாத்தாவும் அப்படித்தான் பார்த்திருப்பாரோ!"

வண்டி நகர்ந்தது. மயிலாடுதுறை வரும்வரை மிளகாய்த் தோட்டத்தைப் பற்றியே பேசிக்கொண்டு போனோம்.