சொல்லுதேன்

எங்கள் ஊர்ச் சோற்றில் இருக்கும் 'ச' சென்னைச் சோற்றில் கிடையாது. எழுதினால் இரண்டும் ஒன்றுதான். வாயைத் திறந்தால்தான் தெரியும். 'பச்சை' என்று சொல்லும்போது நாக்கு அண்ணத்தில் ஒட்டிப் பிரிகிறதல்லவா, திருநெல்வேலிப் பக்கம் பழைய ஆட்கள் பேச்சில் சொல்லின் முதலிலேயே அந்த ஒட்டல் இருக்கும். சென்னையில் நாக்கு எங்கும் ஒட்டுவதில்லை. 'ஸோறு' என்று காற்றாகவே வெளியே போய்விடுகிறது. ஆச்சி அடுக்களையிலிருந்து "ச்சோறு திங்கியாடே?" என்று கேட்டால் தட்டு வைக்கும் சத்தமும் சேர்ந்து கேட்ட மாதிரி இருக்கும்.

பட்டணத்துக்கு வேலைக்கு வந்ததும் முதலில் போனது அந்த 'ச'தான். மேலதிகாரியை ஊர் வழக்கப்படி 'ச்சார்' என்று கூப்பிட்டால் பக்கத்து மேசையில் சிரித்தார்கள். கேலி என்றுகூடச் சொல்ல முடியாது, "இன்னொரு தடவ சொல்லேன்" என்று ஆசையாகக் கேட்பார்கள். அந்த ஆசைதான் மோசம். திட்டியிருந்தால் வீம்புக்காவது விடாமல் வைத்திருந்திருப்பேன்.

அடுத்துப் போனது வினைச்சொல். நெல்லைக்காரர்கள் நிகழ்காலத்துக்கு 'ற' செலவழிப்பதில்லை. சொல்லுதேன், பேசுதேன், கேக்கேன், எடுக்கேன் என்று காரியத்தை முடித்துவிடுவோம். அவையெல்லாம் சொல்றேன், பேசறேன், கேக்கறேன் ஆயின. பெரியவர்களைக் குறித்த 'வந்தாவ', 'இருக்காவ' போய் எல்லாரும் 'வந்தாங்க', 'இருக்காங்க' ஆனார்கள். மதுரை, சிவகங்கைப் பக்கம் இதுவே 'வந்தாக' என்று ஒரு 'க' தாங்கி நிற்கும். எங்களுடையது அதைவிட மெது. "எப்ப வந்திய? மேலுக்கு இப்ப எப்படி இருக்கு?" என்று மதினி விசாரிக்கும்போது அந்த 'ய' கொஞ்சம் இழுபட்டு நிற்கும். பாதி சுகம் அதிலேயே வந்துவிடும்.

சினிமாவுக்கு இந்த 'ய' காதில் விழவே இல்லை. தொடக்க காலப் படங்களில் பெரும்பாலும் பிராமணப் பேச்சு. 1952-ல் 'பராசக்தி' வந்தபோது மேடைத் தமிழ் திரையைப் பிடித்துக்கொண்டது. 1977-ல் '16 வயதினிலே' வந்து கிராமத்தான் கிராமத்தான் மாதிரியே பேசலாம் என்று ஆயிற்று. ஆனாலும் வட்டாரப் பேச்சு என்றால் ஒன்று சிரிப்புக்கு, இல்லையென்றால் அரிவாளுக்கு என்ற ஏற்பாடு முழுசாக மாறவில்லை. மெட்ராஸ் பாஷையைச் சந்திரபாபு, லூஸ் மோகன் போன்றவர்களிடம் கொடுத்தார்கள். கொங்குத் தமிழ் 'சதி லீலாவதி'யில் கமலும் கோவை சரளாவும் பேசியதால் கொஞ்சம் செல்லம் பெற்றது. நெல்லைக்கு வந்த பங்கு 'ஏலே'. அதையும் கத்தியே சொல்வார்கள். 'சாமி' வந்த 2003-க்குப் பிறகு நான் திருநெல்வேலி என்று சொன்னால் போதும், எதிரே இருப்பவர் கையை ஓங்கிக்கொண்டு "ஏலேய்" என்பார். ஊரில் 'ஏல' என்பது தோளில் கைபோட்டுக்கொண்டு சொல்வது என்று எத்தனை பேரிடம் விளக்கிக்கொண்டிருப்பது?

ழகரத்தில்தான் எல்லாரும் நீதிபதிகள். எங்கள் பக்கமும் மதுரைப் பக்கமும் வாளப்பளம். சென்னைக் குப்பங்களில் வாயப்பயம். இரண்டையும் கேட்டுச் சிரிக்கிறவர்கள் நாக்கை மடித்து அழகாக 'ழ' சொல்வார்கள். அவர்களையே 'மரம்', 'மறம்' இரண்டையும் பிரித்துச் சொல்லச் சொன்னால் ஒரே 'ர'தான் வரும். கன்னியாகுமரிப் பக்கத்துப் பெரியவர்கள் வாயில் இரண்டும் தனித்தனியாகக் கேட்கும். 'காற்று' என்பதை யாழ்ப்பாணத்துக்காரர்கள் சொல்லிக் கேட்டால், நாமெல்லாம் 'காத்து' என்று எதைத் தொலைத்தோம் என்பது தெரியும். ஆனால் 'ற' தொலைந்ததற்காக யாரும் யாரையும் பட்டிக்காட்டான் என்று சொன்னதில்லை. பட்டணத்தில் இருப்பவர்களும் அதைத் தொலைத்துவிட்டார்கள், அவ்வளவுதான் காரணம்.

எங்கள் வளவில் ஒரு வீட்டு ரேடியோ ஏழு வீட்டுக்குப் பாடும். தில்லியிலிருந்து சரோஜ் நாராயணஸ்வாமி செய்தி வாசித்தால் அப்பா பேச்சை நிறுத்திவிட்டு, "தமிள்னா இதுல்லா தமிள்" என்பார். வாசித்தவர் மும்பையில் வளர்ந்தவர் என்பதை நான் வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். எந்தத் தெருவின் மண்ணும் ஒட்டாத அந்தக் கணீர்க் குரல்தான் எங்களுக்கு உரைகல். வீட்டில் யாரும் அப்படிப் பேசவில்லை, பேசவேண்டும் என்று மட்டும் எல்லாரும் நினைத்தோம்.

பழைய பேச்சை நினைத்து ஏங்கும்போது ஊரை ஒரேயடியாகச் சந்தனத்தில் முக்கியெடுக்கவும் மனசு வரவில்லை. எங்கள் திருநெல்வேலி டவுனிலிருந்து தாமிரபரணிப் பாலத்தைத் தாண்டினால் பாளையங்கோட்டை. பள்ளியும் கல்லூரியுமாக நிறைந்து, தென்னிந்தியாவின் ஆக்ஸ்ஃபோர்டு என்று பேர் வாங்கிய ஊர். அந்தக் கரைப் பையன்கள் 'ஃபேன்' என்பார்கள். நாங்கள் 'பேன்' என்போம். "தலையில ஓடுமே, அதுவால?" என்று அவர்கள் கேட்ட கேலிக்குச் சென்னை வரை போகவேண்டிய அவசியம் இருக்கவில்லை.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. நான் இவ்வளவு உருகுகிற 'வந்தாவ' எல்லாருக்கும் கிடைத்ததில்லை. வயலில் வேலை செய்து நரைத்துப்போன தாத்தாவை எட்டு வயசுப் பையன் "வந்தான்" என்பான், யாரும் திருத்தமாட்டார்கள். எந்த வாய்க்கு எந்த விகுதி என்று சாதி பிரித்துக் கொடுத்திருந்தது. சென்னையின் 'ங்க' இருக்கிறதே, ருசி இல்லைதான். ஆட்டோக்காரருக்கும் அதிகாரிக்கும் பொதுவாக விழுகிறது. அதை வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 'வந்தாவ'தான் வேண்டும் என்று மனசும் அடங்கவில்லை.

இப்போது எனக்கு இரண்டு வாய். ஊரிலிருந்து போன் வந்தால் அடுத்த அறையில் இருக்கும் மகளுக்கு உடனே தெரிந்துவிடும். "சொல்லுங்க சித்தி, நல்லாருக்கியளா?" என்று முதல் வாக்கியம் முடியுமுன் அவள் அங்கிருந்து "நல்லாருக்கியளாஆ" என்று எதிரொலிப்பாள். நன்றாகவே செய்கிறாள். ஆனால் அது அவளுக்கு மிமிக்ரி. ஊருக்குப் போனாலோ நேர் எதிர். நான் எவ்வளவு கவனமாகப் பேசினாலும் எங்கேயாவது ஒரு 'பண்றாங்க' நழுவிவிடும். "எய்யா, மெட்ராஸ் பவுசுல்லா பேசுது" என்று அத்தை முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பட்டணத்தில் பட்டிக்காட்டான் என்பதற்கு எது சாட்சியோ, அதன் மிச்சம் ஊரில் போதாமல் போய்விடுகிறது.

கரிசல் பேச்சைச் சாகவிடக்கூடாது என்று கி.ராஜநாராயணன் 1982-லேயே ஒரு சொல்லகராதி கொண்டுவந்தார். அவர் இல்லாவிட்டால் பல சொற்கள் அந்தத் தலைமுறையோடு போயிருக்கும். ஆனால் அகராதியில் சொல்லைத்தான் போடமுடியும். எங்கள் 'ச'வை எந்த எழுத்தில் போடுவது? மேலே 'ச்சோறு' என்று எழுதிப் பார்த்தேன். படிக்கிறவர்கள் ஆச்சி கொன்னிப் பேசினாள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

சென்னையில் அந்தச் சத்தம் மிச்சம் இருக்கிற இடம் அண்ணாச்சி கடை. எங்கள் தெருக் கடைக்காரர் கல்லாவில் உட்கார்ந்து வாடிக்கையாளரிடம் சென்னைத் தமிழில் பேசுவார், உள்ளே திரும்பி, "ஏல, மூட்டையப் பைய எறக்குல" என்பார். நடுவில் மூச்சுகூட விடமாட்டார். போன வாரம் அவரிடம் சர்க்கரை என்று சொல்லாமல், "சீனி ஒரு கிலோ தாங்க, அண்ணாச்சி. கடையில வேற பயல வச்சிருக்கியளே, அந்தப் பழைய பய எங்க போனான்?" என்று என் பங்குக்கு இழுத்துப் பேசிப் பார்த்தேன். பொட்டலத்தைக் கட்டிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார். "நல்லா பேசறீங்களே சார். எங்க ஊர்ப் பக்கம் வேலை பாத்தீங்களா?"

பிறந்ததே டவுன் என்றேன். எந்தத் தெரு என்று கேட்டார், சொன்னேன். சந்தோஷப்பட்டார், அல்வா பற்றிக்கூட இரண்டு வார்த்தை பேசினார். ஆனாலும் மீதிச் சில்லறையைக் கொடுக்கும்போது நான் 'சார்'தான். எனக்குப் பின்னால் நின்ற தென்காசிக்காரரைப் பார்த்து, "வாங்க அண்ணாச்சி, என்ன வேணும், சொல்லுங்க" என்றார்.