சேற்றிலிருந்து கருவறை வரை

தவக்காலம் பிறந்துவிட்டால் நம் பங்கு ஊர்களில் மீனுக்கு மதிப்பு ஏறிவிடும். இறைச்சியை விலக்கும் வெள்ளிக்கிழமைகளில் கொள்ளிடக் கரையிலிருந்து கெண்டையும் கெளுத்தியும் விராலும் தெருத்தெருவாக வந்து சேரும். விலையைக் கேட்டுத் தாய்மார் முகம் சுளிப்பார்கள். ஆனால் வாங்காமல் விடமாட்டார்கள். ஒறுத்தல் நாளில் இத்தனை சுவையான ஒறுத்தலா என்று நாம் மறையுரையில் சற்றே கடிந்துகொள்வதும், மக்கள் சிரித்துக்கொண்டே கேட்பதும் ஆண்டுதோறும் நடப்பவை.

மீன் நமக்கு வெறும் உணவு மட்டும் அன்று. தொடக்கத் திருச்சபையினர் தம் நம்பிக்கையின் அடையாளமாகக் கல்லறைச் சுவர்களில் வரைந்தது மீனை. உயிர்த்த ஆண்டவர் திபேரியாக் கடற்கரையில் கரி நெருப்பு மூட்டிச் சீடர்களுக்குக் காலை உணவாகப் பரிமாறியதும் மீனையே. ஆகவே மீன் தூயது என்னும் எண்ணம் நம் உள்ளத்தில் ஆழப் பதிந்திருக்கிறது. ஆனால் நீர் எதைச் சுமக்கிறதோ அதை மீனும் சுமக்கும். இவ்வுண்மையை நமக்கு உணர்த்தியவை, ஆற்று மீன்களிலும் ஏரி மீன்களிலும் பாதரசத்தை அளந்து பார்த்த அறிவியலாரின் ஆய்வுகள். குருமடத்தில் மெய்யியலும் இறையியலும் பயின்ற நமக்கு வேதியியல் அயல்மொழி. பங்குப் பள்ளியின் அறிவியல் ஆசிரியர் ஒருவர் பல மாலை வேளைகளில் பொறுமையோடு விளக்கினார். அவர் வழியாக அறிந்தவற்றையும், அவை நம்முள் எழுப்பிய சிந்தனைகளையும் வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

பாதரசம் நம் முன்னோர்க்குப் புதியது அன்று. சித்த மருத்துவர் அதனை இரசம் என்றனர். சுத்தி செய்யாமல் மருந்தில் சேர்த்தலாகாது என்றும் விதித்தனர். பொற்கொல்லர் முலாம் பூச அதனைப் பயன்படுத்தினர். உடைந்த வெப்பமானியிலிருந்து சிதறிய வெள்ளி மணிகளை உள்ளங்கையில் உருட்டி மகிழாத பள்ளிச் சிறுவர் நம் தலைமுறையில் குறைவு. இத்துணை அழகிய பொருள் நீரில் விழுந்தால் என்ன ஆகும்? கனமானது, அடியில் தங்கிவிடும், அத்தோடு தொல்லை தீர்ந்தது என்றே பல தொழிற்சாலைகள் நெடுங்காலம் எண்ணின.

தொல்லை அங்கேதான் தொடங்குகிறது. சேற்றுக்குள் உயிர்வளி புகாத இருளில் வாழும் நுண்ணுயிர்கள் சில, பாதரசத்தை மீத்தைல் பாதரசமாக மாற்றிவிடுகின்றன. இப்புதிய வடிவம் உயிர்களின் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். உடலைவிட்டு எளிதில் நீங்காது. நீரிலிருந்து பாசி அதனை உறிஞ்சுகிறது. பாசியை நீரில் மிதக்கும் நுண்ணிய உயிரினங்கள் தின்கின்றன. அவற்றைச் சிறுமீன் தின்கிறது. அச்சிறுமீன்கள் நூற்றுக்கணக்கில் ஒரு விராலின் வயிற்றுக்குள் போகின்றன. ஒவ்வொரு படியிலும் உண்டது செரித்துக் கழிந்துபோகிறது. நஞ்சு மட்டும் தங்கிச் சேர்கிறது. நீரில் கண்ணுக்கும் நாவுக்கும் புலப்படாத அளவே இருந்தாலும், பெரிய மீனின் தசையில் அதுவே பல்லாயிரம் மடங்காகப் பெருகிவிடுகிறது. கொழுப்பில் அன்றித் தசையிலேயே அது தங்கியிருப்பதால், மீனை எத்தனை முறை கழுவினாலும் போகாது. புளிக்குழம்பில் கொதித்தாலும் எண்ணெயில் பொரித்தாலும் போகாது.

இதனை ஆய்வாளர் கண்டறியும் முறை வியப்புக்குரியது. மீனின் தசையில் சிறு துண்டை எடுத்துப் பாதரசத்தை அளக்கின்றனர். அதன் செவிக்குள் இருக்கும் சிறு கல்லில், மரத்தின் வளையங்கள் போலப் படிந்த கோடுகளை எண்ணி வயதை அறிகின்றனர். தசையிலுள்ள நைட்ரசனில் கனமான வகை எவ்வளவு என்று பார்க்கின்றனர். உணவுப் படியில் ஓர் உயிர் ஏற ஏற அவ்வகையின் பங்கும் மிகும். யார் யாரை உண்டார், யாரிடமிருந்து யாருக்கு நஞ்சு சென்றது என்பதை மீன் இவ்வாறு வாய் திறவாமலே சொல்லிவிடுகிறது.

இதற்குச் சான்று தேடி நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. நம் மாநிலத்தின் கொடைக்கானல் போதும். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் மூடப்பட்ட வெப்பமானி ஆலை ஒன்று 1980-களின் தொடக்கத்தில் அம்மலைக்கு வந்தது. பின்னர் அது இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் உடைமையாயிற்று. 2001 மார்ச்சில், பாதரசம் கலந்த உடைந்த கண்ணாடி 7.4 டன் அளவுக்கு ஊர்நடுவே பழைய இரும்புக் கடையொன்றில் கிடந்ததைப் பொதுமக்களும் சூழலியல் ஆர்வலரும் வெளிப்படுத்தினர். ஆலை அம்மாதமே நின்றது. 2003-இல் ஏறத்தாழ 290 டன் பாதரசக் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பிச் சென்றது. தொழிலாளரின் உடல்நலக் கேட்டுக்கும் ஆலைக்கும் தொடர்பில்லை என்று நிறுவனம் கூறிவந்தது. நீண்ட போராட்டத்திற்குப் பின் 2016-இல் முன்னாள் தொழிலாளர் 591 பேருடன் உடன்பாடு செய்துகொண்டது.

அறிவியலார் கொடைக்கானல் ஏரியையும் ஆராய்ந்தனர். ஐதராபாத்தில் அணுசக்தித் துறையின்கீழ் இயங்கும் ஆய்வு மையத்தார் 2006-இல் வெளியிட்ட முடிவுகளின்படி, அவ்வேரி மீன்களில் ஒரு கிலோவுக்கு 120 முதல் 290 மைக்ரோகிராம் வரை பாதரசம் இருந்தது. ஒப்புநோக்குவதற்காக அவர்கள் பேரிஜம், குக்கல் ஏரிகளின் நீரையும் வண்டலையும் அளந்தனர். அவற்றில் பாதரசமும் குறைவு, அது மீத்தைல் வடிவத்திற்கு மாறியிருந்த விழுக்காடும் குறைவு. நம் நாட்டின் 2011-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு விதிகள் மீனில் மொத்தப் பாதரசத்திற்குக் கிலோவுக்கு 500 மைக்ரோகிராம் என்றும், மீத்தைல் பாதரசத்திற்கு 250 மைக்ரோகிராம் என்றும் வரம்பு வகுத்தன. மீனில் தங்கும் பாதரசத்தில் பெரும்பகுதி மீத்தைல் வடிவமே ஆதலால், மேற்சொன்ன எண்கள் இவ்வரம்பை நெருங்கி நிற்பவை. கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேல், மேகம் தவழும் இடத்தில் உள்ள ஏரி அது. பாதரசம் ஆவியாகிக் காற்றிலும் ஏறிச் செல்லக்கூடியது. மலையுச்சியும் அதற்குத் தடை ஆகவில்லை.

கரையும் தடை ஆவதில்லை என்பதை அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் ஓடும் சவுத் ஆறு காட்டியது. அதன் கரையில் வெயின்ஸ்பரோ என்னும் ஊரில் இயங்கிய ஆலை ஒன்று 1929 முதல் 1950 வரை பாதரசத்தைப் பயன்படுத்தியது. அரை நூற்றாண்டுக்குப் பின்னும் ஆற்று மீன்களில் பாதரசம் குறையவில்லை. 2008-இல் வெளிவந்த ஆய்வொன்று மேலும் ஒரு செய்தியைச் சொன்னது: மீனே உண்ணாத, கரை மரங்களில் வாழும் பாடும் பறவைகளின் குருதியிலும் பாதரசம் மிகுந்திருந்தது. அதனைப் பெருமளவு கொண்டு சேர்த்தவை சிலந்திகள். ஆற்றங்கரைச் சிலந்தியை ஒரு சிட்டு கொத்துகிறது. ஆற்றின் நஞ்சு வானில் பறக்கிறது. ஆறு வேறு, கரை வேறு, வானம் வேறு என்று நாம்தான் பிரித்து வைத்திருக்கிறோம். படைப்பு அவ்வாறு பிரிந்து கிடக்கவில்லை.

எனினும் நம் நெஞ்சை நெடுநாள் விட்டு அகலாதது சப்பானின் மினமாட்டா வரலாறே. அங்கே சிசோ என்னும் வேதியியல் ஆலை 1932 முதல் 1968 வரை பாதரசம் கலந்த கழிவுநீரை வெளியேற்றிவந்தது. மீன் உண்ட பூனைகள் முதலில் துள்ளி, சுழன்று, மடிந்தன. பின்பு மீனவக் குடும்பங்களில் கை நடுங்கியது, பார்வை குறுகியது, பேச்சுக் குழறியது. 1956 மே முதல் நாளில் இந்நோய் அரசுக்கு முறையாகத் தெரிவிக்கப்பட்டது. 1959-லேயே குமமோட்டோ பல்கலைக்கழகத்தார் காரணம் கரிமப் பாதரசம் என்று கண்டனர். அரசு அதனை ஒப்புக்கொள்ள 1968 ஆயிற்று. இடைப்பட்ட ஒன்பது ஆண்டுகளும் கழிவுநீர் ஓடிக்கொண்டே இருந்தது.

அக்காலத்தில் சில குழந்தைகள் பிறவியிலேயே நிற்கவும் பேசவும் இயலாதவர்களாய்ப் பிறந்தனர். அவர்கள் வாயால் மீன் உண்டதில்லை. அவர்களைச் சுமந்த தாய்மாரோ பெரும்பாலும் நோய்க்குறி குறைந்தவர்களாய் இருந்தனர். தாயின் உடலில் சேரும் நஞ்சைக் கருவுக்குச் செல்லவிடாமல் நஞ்சுக்கொடி காத்துவிடும் என்பதே அந்நாளைய மருத்துவ உலகின் நம்பிக்கை. அந்நம்பிக்கை மினமாட்டாவில் உடைந்தது. மீத்தைல் பாதரசம் நஞ்சுக்கொடியைக் கடந்தது. தாயின் குருதியில் இருந்ததைவிடச் சேயின் குருதியில் மிகுதியாகச் சேர்ந்தது. 1962-இல் அக்குழந்தைகளின் நோய் பாதரசத்தால் வந்ததே என்று உறுதியாயிற்று. பிற்பாடு இதற்குச் சான்று தந்தவை தொப்புள்கொடிகள். பிள்ளையின் கொடியை உலர்த்திப் பேழையில் இட்டுக் காப்பது சப்பானியர் வழக்கம். நம் பாட்டிமாரும் அதனை வெள்ளித் தாயத்தில் அடைத்துப் பிள்ளையின் அரையில் கட்டியவர்கள்தாமே! மினமாட்டாத் தாய்மார் அன்பினால் காத்துவைத்த அக்கொடிகளை மருத்துவர் ஆராய்ந்தபோது, உள்ளே பாதரசம் இருந்தது.

உணவுச் சங்கிலியின் உச்சியில் இருப்பவன் மனிதன் என்று பெருமை பேசுகிறோம். உண்மையில் உச்சியில் இருப்பது, தாயின் வயிற்றில் கண் திறவாமல் கிடக்கும் கரு. ஆலையின் இலாபத்தில் அதற்குப் பங்கில்லை. கழிவை எங்கே விடுவது என்று முடிவு செய்த கூட்டத்தில் அதற்கு இடமில்லை. ஆனால் கீழிருந்து மேல்நோக்கித் திரண்டுவரும் நஞ்செல்லாம் இறுதியில் அதன் மூளையைச் சென்றடைகிறது. பாவம் என்பது செய்தவனோடு நின்றுவிடுவதில்லை என்று குருமடத்தில் படித்தோம். சமூகப் பாவம் என்னும் சொல்லுக்குப் பல நூல்களில் விளக்கம் தேடினோம். அச்சொல்லின் பொருளைத் தொட்டு உணர்த்தியது மினமாட்டாவின் தொப்புள்கொடியே. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் எழுதிய சுற்றுமடலில், பொன் அகழ்வோர் விட்டுச்செல்லும் பாதரச மாசையும் குறிப்பிட்டு, செல்வ நாடுகள் ஏழை நாடுகளுக்குப் பட்ட சூழலியல் கடன் என்று பேசியதன் ஆழம் அப்போதுதான் நமக்கு விளங்கிற்று.

இனி நம் ஊர்ப் பக்கம் திரும்புவோம். பெரம்பலூர், அரியலூர் மண்ணுக்கு அடியில் பழங்கடல் ஒன்று உறங்குகிறது. காரைப் பகுதியில் சுருள் வடிவக் கல்லாய்க் கிடக்கும் கடலுயிர்களை மாணவர்கள் பொறுக்கி வருவார்கள். அக்கடல் விட்டுச்சென்ற சுண்ணாம்புக்கல்லே அரியலூரின் சிமெண்டு ஆலைகளுக்கு மூலப்பொருள். அவை நம் மக்கள் பலருக்குச் சோறிடுகின்றன. சுண்ணாம்புக்கல்லிலும் நிலக்கரியிலும் இயற்கையாகவே இம்மியளவு பாதரசம் உண்டு. சூளையின் கடும் வெப்பத்தில் அது ஆவியாகும். ஆகையால் 2013-இல் சப்பானில் ஏற்கப்பட்டு 2017-இல் நடைமுறைக்கு வந்த மினமாட்டா உடன்படிக்கை, நிலக்கரி மின்நிலையங்களோடு சிமெண்டுச் சூளைகளையும் கட்டுப்படுத்த வேண்டிய இடங்களின் பட்டியலில் சேர்த்தது. 2018-இல் நம் நாடும் அதனை உறுதி செய்தது. யார்மீதும் பழி சுமத்த இதனைச் சொல்லவில்லை. நாடு கொடுத்த வாக்கு நம் ஊருக்கும் உரியது. மருதையாற்றிலும் கொள்ளிடத்திலும் மீனை எடுத்து அளந்து, முடிவை மக்கள் அறிய வெளியிடுங்கள் என்று கேட்பது குடிமக்களின் உரிமை. மினமாட்டாவில் ஒன்பது ஆண்டு தாமதத்தின் விலை என்னவென்று பார்த்தோம் அல்லவா?

பிறரைக் கேட்பதற்கு முன் நம் வாசலையும் கூட்ட வேண்டும். சென்ற ஆண்டுத் திருவிழாவிற்குப் பின், ஆலயக் கிடங்கில் பல ஆண்டுகளாகச் சேர்ந்திருந்த பழுதான குழல்விளக்குகளை வெளியேற்ற இளைஞர்கள் முன்வந்தனர். ஆற்றுப் பள்ளத்தில் கொட்டிவிடலாம் என்றார் ஒருவர். ஒவ்வொரு குழலிலும் சில மில்லிகிராம் பாதரசம் உண்டு என்று நாம் சொன்னதும், “சாமி, இவ்வளவு சின்னதிலா?” என்று வியந்தார்கள். சின்னதில்தான் எல்லாம் தொடங்குகிறது. உடைக்காமல் அட்டைப்பெட்டிகளில் அடுக்கி, மின்னணுக் கழிவைப் பெறுவதற்கு உரிமம் பெற்றவரிடம் ஒப்படைத்தோம். வண்டிக் கூலி கொஞ்சம் ஆயிற்று. கணக்குப் பார்த்த பங்குப் பேரவைப் பெரியவர் ஒருவர், குப்பைக்கும் கூலியா என்று கேட்டார். குப்பைக்கு அன்று, ஆற்றுக்கு என்றோம்.

தாய்மார்க்கு ஒரு சொல். மீனை அஞ்சி ஒதுக்க வேண்டா. கருவுற்றவர்க்கும் வளரும் பிள்ளைக்கும் அது நல்லுணவு. சுறா போன்ற, பிற மீன்களை வேட்டையாடி நெடுங்காலம் வாழும் பெருமீன்களைக் கருவுற்ற காலத்தில் தவிர்த்து, நெத்தில்லி, மத்தி போன்ற சிறுமீன்களை உண்பது நன்று. சங்கிலியின் கீழ்ப்படியில் உள்ளவை நஞ்சையும் குறைவாகவே சுமக்கின்றன. எளியவர் வாங்கும் மீனே இங்குப் பாதுகாப்பானது என்பதில் நமக்கு ஒரு மகிழ்ச்சி.

நம்பிக்கைக்கும் இடமுண்டு. கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்தில், எண்ணால் மட்டுமே குறிக்கப்படும் 658-ஆம் ஏரியில், அறிவியலார் 2001 முதல் ஏழு ஆண்டுகள் அடையாளமிட்ட பாதரசத்தைச் சிறிது சிறிதாக இட்டனர். பின்பு நிறுத்திவிட்டு எட்டு ஆண்டுகள் காத்திருந்து அளந்தனர். அவர்கள் இட்ட பாதரசத்தால் சிறுமீன்களில் சேர்ந்திருந்த மீத்தைல் பாதரசம் 85 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்திருந்தது; வேட்டைமீனான பைக் மீன்களில் 76 விழுக்காடு குறைந்திருந்தது. 2021-இல் இம்முடிவு வெளியாயிற்று. முதிய மீன்கள் தாம் ஏற்ற சுமையோடு வாழ்ந்து முடிந்தன. பின்னர்ப் பிறந்தவை இலகுவாய்ப் பிறந்தன. நாம் நிறுத்தினால் நீர் தன் பணியைச் செய்யும். நிறுத்துவது மட்டுமே நம்மிடம் கேட்கப்படுகிறது. அதுவும் இன்னும் பிறவாதவர்கள் பெயரால் கேட்கப்படுகிறது.