நார்த்தாமலைக்குப் போய் வந்தேன்

பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் திருத்தவேண்டிய ஒரு விடைத்தாள் பாக்கி இருக்கிறது.

பிரான்ஸில் குடியிருக்கும் பழைய மாணவி ஒருத்தி போன மாதம் சில படங்கள் அனுப்பினாள். ஏதோ கிராமத்துச் சின்ன தேவாலயம். பருத்த கல்சுவர், சின்னச் சன்னல், அரைவட்ட வளைவு. ரோமனெஸ்க் பாணி என்பார்கள். நம் சோழர் காலத்தை ஒட்டியது. அரசாங்கம் நினைவுச்சின்னமாக வைத்துக் காப்பாற்றுகிறது. "கட்டினவங்க யாருன்னு தெரியலைன்னு பலகையிலேயே எழுதி வச்சிருக்காங்க சார். நார்த்தாமலை ஞாபகம் வந்துச்சு" என்று எழுதியிருந்தாள்.

எனக்குச் சுருக்கென்றது. அவள் வகுப்பில் சோழர் பாடம் நடத்தியபோது, நார்த்தாமலை விஜயாலய சோழீச்சரத்தைக் கட்டியவன் விஜயாலய சோழன் என்று கரும்பலகையில் எழுதிப் போட்டேன். எழுந்து நின்று, "ராஜா பேரு வச்சிருந்தா ராஜாவே கட்டினதாயிடுமா சார்? நீங்க போய்ப் பாத்திருக்கீங்களா?" என்றாள். வகுப்பே சிரித்தது. "பரீட்சைக்கு இதை எழுது, உட்காரு" என்றேன். அவள் பரீட்சையில் "உறுதியாகத் தெரியவில்லை" என்று எழுதினாள். சிவப்பு மையில் முட்டை போட்டேன்.

செம்மங்குப்பத்திலிருந்து சிதம்பரம் நடராசர் கோயிலுக்குப் போனதற்குக் கணக்கே கிடையாது. புதுக்கோட்டைப் பக்கம் மட்டும் தலைவைத்தும் படுத்ததில்லை.

போன வாரம் வீட்டுக்காரம்மாவையும் அழைத்துக்கொண்டு திருச்சி போய், மறுநாள் விடிகாலையில் புதுக்கோட்டை பஸ் பிடித்துக் கிளம்பினோம். மேலமலை பாறைச் சரிவு. பாதியில் அவருக்கு முட்டி ஒத்துழைக்கவில்லை. "நான் இங்க நிழல்ல இருக்கேன். நீங்க போய் அந்தப் பொண்ணுக்குப் பதில் தேடிட்டு வாங்க" என்று உட்கார்ந்துவிட்டார்.

கோயிலைப் பார்த்ததும் முதலில் 'இவ்வளவுதானா' என்றுதான் தோன்றியது. சிதம்பரம் பார்த்துப் பழகிய கண் அல்லவா! ராஜகோபுரம் கிடையாது, கூட்டம் கிடையாது. மேற்குப் பார்த்த சின்னக் கற்றளி, 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. சுற்றிலும் இருந்த எட்டுக் குட்டிச் சன்னதிகளில் ஆறு நிற்கின்றன. காவலர் பூட்டைத் திறந்துவிட்டார். உள்ளே போனதும்தான் வாயடைத்துப் போனேன். வெளிச்சுவர் சதுரம், கருவறையோ வட்டம்! இரண்டுக்கும் நடுவே சுற்றி வர ஒரு குறுகலான வழி. மேலே விமானத்தின் தலையும் வட்டம். வட்டக் கருவறை தமிழ்நாட்டில் அபூர்வம்.

துவாரபாலகர் ஒருவரின் கீழே அந்தக் கல்வெட்டு. பழைய எழுத்து எனக்கு வாசிக்க வராது. அச்சான வாசகத்தை வீட்டிலேயே குறித்துக்கொண்டு போயிருந்தேன். சாத்தன் பூதி என்கிற இளங்கோவதியரையர் எடுப்பித்த கற்றளி இது. மழை இடித்து அழிந்தது. மல்லன் விடுமன் என்கிற தென்னவன் தமிழதியரையன் புதுப்பித்தான். இவ்வளவுதான் செய்தி. விஜயாலயன் பேச்சே இல்லை! சாத்தன் பூதி முத்தரையர் குலத் தலைவன், சோழன் பெயர் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது என்பதே ஆராய்ச்சியாளர் பலரின் கருத்து.

என்னைப் பிடித்து நிறுத்தியது அந்த மழைதான். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் பார்த்த கடலூர்க்காரனுக்கு மழையும் காற்றும் என்ன செய்யும் என்று தெரியும். அன்றைக்குக் கூரையைத் திரும்ப வேய்ந்தவர்கள் பெயரை நாம் எங்காவது எழுதி வைத்தோமா? இங்கே பழுது பார்த்தவன் பெயரும் கல்லில் இருக்கிறது.

எதிரே இரண்டு குடைவரைகள். ஒன்றுக்குப் பெயர் சமணர் குடகு. உள்ளே பார்த்தால் பன்னிரண்டு விஷ்ணு, ஒரே அச்சாக நிற்கிறார்! மற்றது பழியிலி ஈச்சரம். குடைந்தவர் சாத்தன் பழியிலி. நிருபதுங்க பல்லவனின் 7ஆம் ஆட்சியாண்டில் அதற்கு முன்மண்டபம் எடுப்பித்தவர் அவர் மகள், பழியிலி சிறியநங்கை. இந்தப் பெண்ணின் பெயரை நான் ஒரு வகுப்பிலும் சொன்னதில்லை.

அம்மா, நீ எழுதியதுதான் சரி. அந்த மதிப்பெண்ணை எல்லோர் முன்னாலும் இங்கே போட்டுவிடுகிறேன். உன்னோடு படித்து, நான் சொன்னதை அப்படியே எழுதி முழு மதிப்பெண் வாங்கியவர்கள் என்னை மன்னிக்கவும்.

போக நினைப்பவர்கள் காலை ஒன்பது மணிக்குள் ஏறிவிடுங்கள். பிறகு பாறை காலைச் சுடும். தண்ணீர் கையோடு கொண்டுபோங்கள், மேலே கடை கிடையாது. முட்டி வலி உள்ளவர்கள் ஒரு ஊன்றுகோலும் எடுத்துக்கொள்ளுங்கள். கோயிலைப் பார்க்காமலே திரும்பிய வருத்தம் வீட்டுக்காரம்மாவுக்கு இன்னும் தீரவில்லை.