ஊரப்பாக்கமும் பூந்திக் கொட்டையும்!

தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறித் தெற்கே செல்லுங்கள். பெருங்களத்தூர், வண்டலூர் கழிந்ததும் வருவது ஊரப்பாக்கம். வண்டலூருக்கு 1985-ம் ஆண்டில் மிருகக்காட்சி சாலை குடிவந்தது. கிளாம்பாக்கத்துக்கு 2023-ம் ஆண்டின் கடைசியில் வெளியூர் பஸ் நிலையம் குடிவந்தது. ஊரப்பாக்கத்துக்கோ மனிதர்கள் குடிவந்துகொண்டே இருக்கிறார்கள்! எந்த மொட்டை மாடியைப் பார்த்தாலும் கொடி நிறையத் துணிகள். இத்தனை துணியையும் வெளுத்த தண்ணீர் எங்கே போகிறது என்று யோசித்ததுண்டா, சகோதரிகளே?

பாதாளச் சாக்கடை இல்லாத தெருவானால் அது வாய்க்காலைத் தேடிப் போகும். வாய்க்கால் ஏரியைத் தேடிப் போகும். இந்தப் பக்கத்து ஏரிகளின் உபரி நீர் ஆதனூர், மண்ணிவாக்கம் வழியாக அடையாற்றில் சேர்கிறது. பாஸ்பேட் கலந்த சலவைப் பொடி, நீரில் வளரும் செடிகளுக்கு நல்ல உரம். ஆகாயத் தாமரை கொழுத்துப் படரும். அது அழுகும்போது நீரிலுள்ள பிராணவாயு குறைந்து மீன்கள் மடியும். கால்வாயையும் அது அடைத்துக்கொள்ளும். வெள்ளம் வடிய வழி வேண்டும் என்பதை 2015 டிசம்பரில் முடிச்சூர்வாசிகளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை!

நம் நாட்டில் 'சர்ஃப்' வந்தது 1959-ல். 'நிர்மா' வந்தது 1969-ல். அதற்கு முன் துணிகள் அழுக்காகவா இருந்தன? வண்ணார்கள் உவர்மண்ணில் நனைத்து, வெள்ளாவி வைத்து, மல்லிகைப் பூப்போல் வெளுத்துத் தந்தார்கள். பட்டுக்கும் கம்பளிக்கும் பூந்திக் கொட்டை இருந்தது. பூந்தி என்றதும் லட்டு நினைவுக்கு வந்தால் நான் பொறுப்பல்ல. இது நாட்டு மருந்துக் கடைச் சரக்கு! தட்டார்கள் நகைக்கு மெருகேற்றவும் இதையே வைத்திருப்பார்கள். தாவர நூலார் இதற்கு இட்ட 'சபிண்டஸ்' என்ற பெயருக்கே 'இந்திய சோப்பு' என்று பொருள்.

இதன் தோலிலுள்ள 'சபோனின்' என்ற சத்துதான் நுரை தருகிறது. ஆழ்குழாய்க் கிணற்றின் கடின நீரில் சாதாரண சோப்பு பால் திரிந்தாற்போல் திரிந்துவிடும். பூந்திக் கொட்டை அப்படித் திரியாது. புறநகர்வாசிகளுக்கு இது பெரிய அநுகூலம் அல்லவா?

செய்முறை சுலபம். பத்துப் பன்னிரண்டு கொட்டைகளை உடைத்து விதையை நீக்குங்கள். தோலை ஒன்றரை லிட்டர் நீரில் இரவு முழுதும் ஊறவைத்து, காலையில் கால் மணி நேரம் கொதிக்க விடுங்கள். ஆறியபின் கையால் பிசைந்து வடிகட்டுங்கள். ஒரு வாளித் தண்ணீருக்கு ஒரு தம்ளர் போதும். துணி அரை மணி நேரம் ஊறட்டும். இந்தச் சாறு சீக்கிரம் கெட்டுவிடும். குளிர்ப் பெட்டியில் வைத்து ஒரு வாரத்துக்குள் செலவழித்துவிடுங்கள்.

இது சர்வ ரோக நிவாரணி அல்ல. எண்ணெய்ப் பிசுக்கேறிய அடுப்படித் துணிக்கு வெந்நீரும் கொஞ்சம் சலவைச் சோடாவும் வேண்டும். ஆனால் பட்டின் பக்கமோ கம்பளியின் பக்கமோ சோடாவைக் கொண்டுபோகாதீர்கள், இழை கெட்டுவிடும். வெள்ளைத் துணியில் சாற்றின் பழுப்பு தங்காதபடி நன்றாக அலசுங்கள். சாறு கண்ணில் பட்டால் எரியும், குழந்தைகளிடம் ஜாக்கிரதை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இயற்கைப் பொருள் என்பதால் ஏரிக்கரையிலேயே உட்கார்ந்து துவைக்கலாம் என்று எண்ணிவிடாதீர்கள். சபோனின் மீன்களுக்கு விஷம். அதைக் கலந்து மீன் பிடிக்கும் வழக்கமும் உண்டு! துவைத்த நீரை வீட்டிலேயே மண்ணில் விடுங்கள். மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்துவிடும்.

எல்லாத் துணியையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். முதலில் ஒரு பட்டுப் புடவை, ஒரு கம்பளிச் சட்டை என்று தொடங்குங்கள். மற்றவற்றுக்குப் பொடி போட்டாலும் அளவைப் பாதியாக்கிப் பாருங்கள். நுரை மிகுந்தால் வெளுப்பு மிகும் என்பது நம் கண்ணின் மயக்கமே. மிச்ச வெளுப்பை ஊரப்பாக்கத்து வெயில் பார்த்துக்கொள்ளும். அதற்குக் காசும் கிடையாது!