சுவிட்சைப் போடுவதற்கு முன்னால்

பழைய வீட்டுக் கணினிகளைப் பழுதுபார்த்து ஓட்டும் ஆசை வந்தவர்கள் எதில் தொடங்கலாம் என்று கேட்டால், நான் தயங்காமல் பிபிசி மைக்ரோவைச் சொல்வேன். 1981 டிசம்பரில் கேம்பிரிட்ஜின் ஏக்கார்ன் நிறுவனம் வெளியிட்டது. பிரிட்டிஷ் மக்களுக்குக் கணினி கற்றுத்தர பிபிசி எடுத்த முயற்சிக்காகவே செய்த இயந்திரம். நமக்கும் அதற்கும் உறவு உண்டு. 1984இல் மத்திய அரசு பள்ளிகளுக்காகத் தொடங்கிய 'கிளாஸ்' திட்டத்தில் பிள்ளைகள் முதன்முதலாகத் தொட்ட கணினி இதுதான். பிறகு மொகாலியில் இருந்த செமிகண்டக்டர் காம்ப்ளக்ஸ் இதையே 'யூனிகார்ன்' என்ற பெயரில் நம் நாட்டில் தயாரித்தது. அதனால் பள்ளிக்கூட ஸ்டோர் ரூம்களிலும் காயலான் கடைகளிலும் எப்போதாவது ஒன்று கண்ணில் படுகிறது. என்னிடம் இருப்பதும் ஒரு பள்ளி கழித்துக்கட்டிய பெட்டிதான்.

எனக்குக் கற்றுத்தருபவர் ரிச்சி தெருப் பக்கம் டிவி ரிப்பேர் பார்த்து ஓய்ந்தவர். என் அப்பாவைவிட மூத்தவர். ஆனாலும் பட்டறையில் எல்லாருக்கும் அவர் அண்ணன்தான். அவர் முதலில் சொன்ன பாடம், "தம்பி, கரண்ட்டு குடுக்கறதுக்கு முன்னாடி கண்ணால பாரு, மூக்கால பாரு. பிளக்கு எங்கயும் ஓடிப்போவாது."

அந்தப் பொறுமைக்குக் காரணம் சப்ளைப் பெட்டிக்குள் இருக்கிறது. மெயின்ஸ் வரும் இடத்தில் வடிகட்டியாக இரண்டு கெப்பாசிட்டர்கள், 0.1 மைக்ரோஃபேரட் ஒன்று, 0.01 ஒன்று. உள்ளே காகிதம், வெளியே தேன் நிறத்தில் ஒரு பிசின் உறை. வருஷங்கள் போகப்போக அந்த உறையில் மயிரிழை வெடிப்புகள் விழும். வெடிப்பு வழியே காற்றின் ஈரம் காகிதத்துக்குள் இறங்கும். இதோடு 230 வோல்ட்டைக் கொடுத்தால் கொஞ்ச நேரம் ஒழுங்காக ஓடும். பிறகு பட்டென்று வெடித்து அறை முழுக்க நாற்றப் புகை கிளம்பும். ஆகவே இயந்திரம் வேலை செய்தாலும் செய்யாவிட்டாலும் முதலில் இவற்றைக் கழற்றிவிட்டு, எக்ஸ்2 ரகம், 275 வோல்ட் என்று அச்சிட்ட பிளாஸ்டிக் ஃபிலிம் கெப்பாசிட்டர்களைப் போட வேண்டும். ரிச்சி தெருவில் சில ரூபாய்க்குக் கிடைக்கும். பெட்டியைத் திறப்பதற்கு முன் ஒன்றை நன்றாக நினைவில் வையுங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். மீட்டர் வைத்துப் பார்க்காமல் கை வைக்கக் கூடாது.

அடுத்தது சீரிஸ் பல்ப். மின் வேலை தெரிந்தவர்களுக்குப் பழக்கமான பலகைதான். 100 வாட் குண்டு பல்பைத் தொடராக மாட்டி அதன் வழியே சப்ளைக்குக் கரண்ட் கொடுப்பது. பல்ப் ஒரு கணம் பளிச்சிட்டு மங்கினால் நல்லது. முழுசாக எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட். இந்தச் சோதனைக்கு முன்பே சப்ளையிலிருந்து கணினியின் சர்க்யூட் பலகைக்குப் போகும் ஏழு ஒயர்களையும் கழற்றிவிட வேண்டும்: மூன்று சிவப்பு, மூன்று கறுப்பு, ஒன்று ஊதா. சிவப்பில் 5 வோல்ட், ஊதாவில் மைனஸ் 5. லோடு இல்லாமல் இந்த வகை சப்ளையை ஓட்டக் கூடாது என்பதால் அண்ணன் ஒரு 12 வோல்ட் கார் பல்பைச் சிவப்புக்கும் கறுப்புக்கும் நடுவே மாட்டுவார். அது மங்கலாக எரிந்தபடி இருக்க, மீட்டர் 4.75க்கும் 5.25க்கும் இடையில் நின்றால்தான் பலகையோடு சேர்ப்பது.

இனிதான் காதுக்கு வேலை. நலமாக இருக்கும் பிபிசி மைக்ரோ, சுவிட்சு போட்டதும் தாழ்ந்த குரலில் 'பூ' என்று தொடங்கி உடனே 'பீப்' என்று ஏறும். இந்த இரண்டு ஒலிக்கும் உள்ள காரணத்தைப் புரிந்துகொண்ட நாளில்தான் இந்த வேலை எனக்குப் பிடிபட்டது. ஒலிச் சில்லு மின்சாரம் வந்த கணமே தானாகக் கத்தத் தொடங்கிவிடும். 6502 பிராசஸர் விழித்து, ரோமில் உள்ள இயக்க நிரலைப் படித்து, 6522 என்ற சில்லு வழியாக அதன் வாயை அடைக்கும். அப்புறம்தான் தான் தயார் என்று 'பீப்'. ஆக 'பூ' மட்டும் நிற்காமல் கேட்டால் சப்ளையும் ஸ்பீக்கரும் ஒலிச் சில்லும் நலம். பிராசஸரோ ரோமோ 6522வோ தன் வேலையைச் செய்யவில்லை. திரையை இணைக்காமலே இவ்வளவும் தெரிந்துவிடுகிறது.

அப்போது லாஜிக் ப்ரோபை எடுத்து 6502இன் கால்களைத் தொட்டுப் பார்ப்போம். 40ஆம் கால் ரீசெட். தாழ்ந்திருந்து உயர வேண்டும். 37இல் கடிகாரத் துடிப்பு. 7ஆம் கால் சின்க், ஒவ்வொரு கட்டளையை எடுக்கும்போதும் துடிப்பது. அது ஓயாமல் துடித்தால் பிராசஸர் எதையோ ஓட்டிக்கொண்டிருக்கிறது, சரியாகவோ தப்பாகவோ. இதையெல்லாம் அண்ணன் வாயால் சொல்லித்தரவில்லை. சர்க்யூட் படத்தைக் கொடுத்து, ஒவ்வொரு கோட்டையும் பென்சிலால் தொடரச் சொன்னார். பலகையில் உள்ள ஒவ்வொரு ஐசியும் ஏன் அங்கே இருக்கிறது என்று சொல்ல முடிகிற கணினி இது. என் கைப்பேசியைப் பற்றி அப்படி ஒரு வாக்கியம்கூட என்னால் சொல்ல முடியாது. என்னை இந்தப் பொழுதுபோக்கில் பிடித்து வைத்திருப்பது அந்த முழுமைதான்.

பெரும்பாலான கோளாறுகள் சாக்கெட்டில் முடிந்துவிடும். சூடேறி ஆறி ஏறி ஆறி, ஐசிக்கள் மெல்ல மேலே எழும்பியிருக்கும். கால்களில் கறுப்பு படிந்திருக்கும். தட்டையான சின்ன ஸ்க்ரூ டிரைவரால் இரண்டு முனையையும் மாற்றி மாற்றி நெம்பி எடுத்து, துடைத்து, ஐசியின் முனையில் உள்ள வெட்டு முன்பு இருந்த திசையிலேயே வைத்து அழுத்தினால் போதும். ஈயத்தைச் சூடாக்கும் வேலை கடைசி.

மஞ்சளித்த உறையை ஹைட்ரஜன் பெராக்சைடில் ஊறவைத்து வெளுக்கச் செய்கிறவர்கள் நிறைய பேர். எனக்கு அதில் விருப்பம் இல்லை. பிள்ளைகள் விரல் பட்டு வந்த நிறம் அப்படியே இருக்கட்டும்.

திரைக்கு வீடியோ இன் உள்ள பழைய 14 இஞ்ச் டிவி போதும். பிளாப்பிக்குப் பதில் எஸ்டி கார்டை யூசர் போர்ட்டில் இணைக்கும் சின்னப் பலகை கிடைக்கிறது. தொடக்கக்காரர்கள் அதையே வாங்கிக்கொள்ளலாம்.

ஓடத் தொடங்கிய பிறகு இன்னொரு படிப்பு. மொத்த நினைவகம் 32 கேபி. மோடு 0இல் வரைந்தால் திரை மட்டுமே 20ஐ விழுங்கிவிடும். மோடு 7இல் எழுத்துகளோடு நின்றால் ஒரே கேபி. எந்த மோடு என்பதை முடிவு செய்யாமல் நிரலின் முதல் வரியை எழுத முடியாது. சோஃபி வில்சன் எழுதிய பிபிசி பேசிக்குள்ளேயே அசெம்பிளரும் இருக்கிறது. பிற்பாடு அவர் ஆர்ம் பிராசஸரின் கட்டளைத் தொகுப்பை வடிவமைத்தபோது அதை ஒத்திகை பார்த்ததும் இதே பேசிக்கில்தான். 1985இல் வந்த முதல் ஆர்ம் சில்லு, பிபிசி மைக்ரோவின் அடியில் உள்ள 'டியூப்' இணைப்பில் இரண்டாவது பிராசஸராகவே ஓடியது.

அந்த டியூப்பில் இப்போது ஒரு ராஸ்பெரி பையை இணைத்துக்கொண்டிருக்கிறோம். பையும் ஆர்ம்தான், ஆனால் 3.3 வோல்ட்; மைக்ரோவோ 5 வோல்ட். நடுவில் வோல்ட்டை மாற்றித்தரும் பலகை வேண்டும். அண்ணன் அதன் படத்தை வரைந்து கொடுத்திருக்கிறார். ஒவ்வொரு கோடும் எங்கே போகிறது என்று சொன்ன பிறகுதான் ஈயம் தருவாராம்.