மாத்தளை இரவில் கண்ட இரண்டு பூச்சிகள்

வவுனியாவிலிருந்து கண்டி வீதியால் போகும்போது தம்புள்ளை வரை வெயில் கூடவே வரும். நாலந்தையைக் கடந்து மாத்தளையை நெருங்க, காற்றில் ஈரம் ஏறிவிடும். வீதியோரமெங்கும் கொக்கோ, மிளகு, கறுவாத் தோட்டங்கள். அப்படியொரு தோட்டத்தை அடுத்த விடுதியில் எமது பெண்கள் குழு மூன்று நாட் பயிற்சிக்காகத் தங்கியிருந்தது.

முதல் இரவே வாசல் விளக்கடியில் ஒரு விட்டில் வந்து ஒட்டிக்கொண்டது. செம்மண் நிறம். விரித்த சிறகு ஏறக்குறைய ஒரு சாண். சிறகுகளில் கண்ணாடி பதித்தாற்போல முக்கோணங்கள். மேற்சிறகின் நுனியோ பாம்புத் தலை மாதிரி. பயத்தில் ஒருவர் தும்புத்தடியைத் தூக்கிவிட்டார்.

இது அட்லஸ் இனத்தைச் சேர்ந்த பெரிய பட்டு விட்டில். இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் வாழும் இவ்வகைக்கு, எமது தீவின் பழைய கிரேக்கப் பெயரான தப்ரபேனை ஒட்டித் ‘தப்ரோபானிஸ்’ என்று பெயரிட்டிருக்கிறார்கள். புழுவாக இருக்கையில் இலைகளை ஓயாமல் தின்னும். சிறகு முளைத்தபின் உண்பதற்கு வாயில்லை.

"வாயில்லையெண்டா என்னத்தைத் திண்டு சீவிக்கிறது, மிஸ்?" என்று கேட்டவர், அதுவரை எவருடனும் கதைக்காத ஓர் அக்கா.

புழுப் பருவத்தில் சேர்த்த கொழுப்புத்தான் சீவியம். அதுவும் ஒரு வாரம், மிஞ்சினால் இரண்டு.

அந்நேரம் வெளியே பற்றைக்குள் ஒரு வெட்டுக்கிளி விடாமல் கத்திக்கொண்டிருந்தது. இலைபோன்ற பச்சைச் சிறகும் உடலைவிட நீண்ட உணர்கொம்பும் கொண்ட வகை. கத்துவது ஆண், முன்சிறகுகளை ஒன்றோடொன்று உரசி ஒலியெழுப்பும். பெண்ணுக்குக் காது முன்னங்கால்களில், முழங்காலுக்குச் சற்றுக் கீழே. பாட்டைக் கேட்டு அவள்தான் நடந்து போகவேண்டும். அதே பாட்டைக் கேட்டு வௌவாலும் வரும் என்பது வேறு கதை.

விட்டிலில் எல்லாம் மறுபுறம். பெண் அசையாமல் தொங்கியபடி ஒரு வாசனையைக் காற்றில் விடும். எமது மூக்குக்கு எட்டாத அதை, இறகுபோன்ற உணர்கொம்பால் ஆண் வெகுதூரத்திலிருந்தே அறிந்து பறந்து வரும். சத்தமேயில்லை, ஆனால் செய்தி போய்ச் சேர்ந்துவிடுகிறது. எங்கள் படிவத்தில், கதைக்காதவர்களுக்கு ‘பங்குபற்றல் குறைவு’ என்றொரு கட்டம் உண்டு. அதை நிரப்ப எனக்கு ஒருபோதும் மனம் வந்ததில்லை.

வாசலில் இருந்ததற்கு உணர்கொம்பு மெல்லியது, பெண்ணாகத்தான் இருக்கவேண்டும். விளக்கடியில் மயங்கிக் கிடந்தால் இருக்கிற சில இரவுகளும் வீணாகும். உங்கள் வீட்டுக்கும் இப்படியொன்று வந்தால் தும்புத்தடி வேண்டாம். கடிக்காது, கொட்டாது. விளக்கைச் சற்று அணைத்துவிடுங்கள். அன்று நாங்களும் அணைத்தோம். அந்த அக்காதான் எழுந்து போய்ச் சுவிச்சைத் தட்டினார். கொஞ்ச நேரம் இருட்டில் வெட்டுக்கிளியின் சத்தம் மட்டும். பிறகு பார்த்தபோது சுவர் வெறுமையாக இருந்தது.